சீட்டு குலுக்கும் ஊரில் ஒரு தலைமைப் பாடம்!
பழவேற்காடு ஏரியின் 'பாடு' முறை உழவர் குழுக்களுக்குச் சொல்வது என்ன?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், ஏரி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், மகளிர் குழு... எதுவாக இருந்தாலும் தொடங்கும்போது ஊரே கூடி நிற்கும். நான்கைந்து வருஷம் போனால் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவதே பெரிய காரியமாகிவிடும். கணக்கு நோட்டு ஒரே வீட்டில் இருக்கும். தலைவர் மாற மாட்டார். இளைஞர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர்களோ, 'அது அவங்க சங்கம்' என்று ஒதுங்கிவிடுவார்கள்.

இந்தச் சிக்கலை வேறு ஒரு தொழிலில் தலைமுறை தலைமுறையாகச் சந்தித்துவரும் மக்கள், சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறார்கள். பொன்னேரி தாண்டினால் பழவேற்காடு. அங்குள்ள மீனவர்கள் ஏரியைப் பங்கு போட்டுக்கொள்ளும் விதத்துக்கு 'பாடு' என்று பெயர். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. விலக்க வேண்டியதும் இருக்கிறது.

ஒரு ஏரி... பல ஊர்கள்!

ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குக் கோடிதான் தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. ஆரணி ஆறும் காலங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இடையில் ஸ்ரீஹரிகோட்டா தீவு, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே வரப்பு போலக் கிடக்கிறது.

மக்களும் ஒரே மாதிரி கிடையாது. பட்டினவர் குப்பங்கள் இருக்கின்றன. மகிமை மாதா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவ மீனவர்கள் இருக்கிறார்கள். பழைய துறைமுக வணிகத்தின் தொடர்ச்சியாக வந்த முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்கள் பனையோலையில் பின்னும் கூடைகளும் பெட்டிகளும் பெயர் பெற்றவை. வலை வாங்க வசதியில்லாமல், ஆழம் குறைந்த நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் உண்டு. பிடித்த இறாலைப் போடும் பறியை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்தபடியே மணிக்கணக்கில் வேலை செய்வார்கள். வடக்கே போனால் தெலுங்கு பேசும் மீனவர்கள். ராக்கெட் ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவில் நிலம் எடுக்கப்பட்டபோது, அங்கிருந்து இடம் பெயர்ந்து வந்தவர்களும் ஏரிக்கரையில் குடியிருக்கிறார்கள்.

இத்தனை பேருக்கும் சோறு போடுவது ஒரே தண்ணீர். அதில் யார், எங்கே, எப்போது வலை போடுவது? இதைத் தீர்ப்பதுதான் அங்கே தலைமைக்கு முதல் வேலை.

பாடு என்பது என்ன?

இறால் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலை நோக்கித் திரும்பும். நீரோட்டத்தோடு அவை போகும் வழிகளில் கம்புகளை நட்டு வலையைக் கட்டினால் நல்ல வரத்து கிடைக்கும். இதற்குச் 'சுத்து வலை' என்று பெயர். ஆனால், அப்படிப்பட்ட இடங்கள் சிலதான். எல்லோரும் அங்கேயே போய் நின்றால் அடிதடிதான் மிஞ்சும். வலுத்தவன் பிடித்துக்கொண்டால், இளைத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது.

அதனால்தான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இந்த இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஊருக்குள், எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டு முடிவு செய்யும். இன்று நல்ல இடம் கிடைத்தவர், இன்னொரு முறை சுமாரான இடத்துக்குப் போக வேண்டும். பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேச்சே அங்கே எடுபடாது. ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1991-ம் ஆண்டில், பழவேற்காட்டின் இந்த முறையைப் பற்றித் தனி ஆய்வறிக்கையே வெளியிட்டது.

நமக்கு இது புதுசு கிடையாது. ஏரிப் பாசனத்தில் 'முறைத் தண்ணீர்' விடுகிறோமே, அதே கதைதான். தலைமடைக்காரர் எல்லாத் தண்ணீரையும் திருப்பிக்கொண்டால் கடைமடை காய்ந்துவிடும் என்பதால்தான் நம் முன்னோர் முறை வைத்தார்கள். வட மாவட்டங்களில் கம்புகட்டி என்றும், மற்ற இடங்களில் நீர்க்கட்டி, மடையர் என்றும் சொல்லப்படுபவர்கள் அந்த முறையைக் காத்தார்கள். பல ஊர்களில் இந்தப் பொறுப்பு, ஆயக்கட்டில் நிலம் இல்லாத, ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் கையில்தான் இருந்தது. சொந்த வயல் இல்லாதவர் மடையைத் திறந்தால் பாரபட்சம் வராது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்த நுட்பமான வேலைக்கு உரிய மரியாதையைப் பல ஊர்கள் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தலைக்கட்டு... இளைஞருக்கு ஒரு வாசல்!

பாட்டில் பங்கு யாருக்கு? ஊரின் 'தலைக்கட்டு' கணக்கில் வருபவர்களுக்கு. பொதுவாக, கல்யாணமாகித் தனிக்குடும்பமான ஆண், தலைக்கட்டில் சேர்க்கப்படுவார். சேர்ந்த நாளிலிருந்து அவருக்குச் சீட்டில் பெயர் உண்டு; ஊர்க் கூட்டத்தில் பேச்சு உண்டு; ஊர் வரியும் உண்டு. உரிமையும் கடமையும் ஒரே நாளில் வருகின்றன.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 25 வயதுப் பையன், 60 வயதுப் பெரியவரோடு அதே பானையில் சீட்டுப் போடுகிறான். அவன் சீட்டு மேலே வந்தால், நல்ல இடம் அவனுக்குத்தான். பெரியவர் முணுமுணுக்கலாம், ஆனால், மாற்ற முடியாது. அதேசமயம், எந்தக் காற்றில் வலை கட்டலாம், வாடைக் காற்று அடித்தால் தண்ணீர் எப்படித் திரும்பும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓட்டம் எப்படி மாறும் என்பதெல்லாம் பெரியவருக்குத்தான் தெரியும். ஒரே வலையில் இருவரும் சேர்ந்து நிற்கும்போது, அந்த அறிவு வகுப்பு நடத்தாமலேயே கை மாறுகிறது.

நம் சங்கங்களில் நடப்பது என்ன? பையனுக்கு வேலை மட்டும் கொடுக்கிறோம். நாற்காலி எடுத்துப்போடு, நோட்டீஸ் ஒட்டு, போட்டோ எடு. முடிவு எடுக்கும்போது, 'நீ சின்னப் பையன், உனக்குத் தெரியாது' என்கிறோம். பங்கு இல்லாத இடத்தில் பொறுப்பு வளராது. தலைக்கட்டு முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்.

வாசல் யாருக்கு மூடியிருக்கிறது?

இனி அடுத்த பக்கம். பாடு உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமானது. வெளியே இருப்பவர்களுக்கு?

பாரம்பரியப் பாடு உரிமை குறிப்பிட்ட ஊர்களின் பட்டினவர் ஆண்களுக்கு உரியது. அதே ஏரியில் பிழைக்கும் இருளர்களும் மற்ற சமூகத்தவரும் அந்தச் சீட்டுப் பானைக்கு வெளியே நின்றார்கள். மீனை விற்று, வீட்டைக் காக்கும் பெண்களின் பெயரும் தலைக்கட்டில் இல்லை.

மீனுக்குப் பெரிய விலை இல்லாத காலத்தில் இது வெளியே தெரியாமல் ஓடியது. இறால் ஏற்றுமதி சூடுபிடித்ததும் நிலைமை மாறியது. விவசாயக் கூலிக்குப் போனவர்கள்கூட வலை வாங்கி ஏரிக்கு வந்தார்கள். 'எங்க பாட்டன் காலத்து உரிமை' என்றது ஒரு தரப்பு. 'ஏரி என்ன ஒரு சாதிக்கா பட்டா போட்டது?' என்றது மறு தரப்பு. மோதல்கள் நடந்தன. ஏரியின் ஆழமோ குறைந்துகொண்டே வருகிறது. முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடுகிறது. தண்ணீர் சுருங்க, ஆட்கள் பெருக, பழைய விதியின் மரியாதை தேய்ந்தது.

விதி நல்லதாக இருந்தும் ஏன் தேய்ந்தது? அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய ஆட்களில் பாதிப் பேர், அதை உருவாக்கும் கூட்டத்தில் உட்காரவே இல்லை. தன்னைக் கேட்காமல் போட்ட விதியை எவரும் காப்பாற்ற மாட்டார்கள். நம் ஊர் ஏரியில் குத்தகைக்கு மீன் விடும்போதும், மேய்ச்சல் நிலத்தை வளைக்கும்போதும் நடக்கும் சண்டைக்கு வேரும் இதுதான்.

இதே பாடு கடல் தாண்டியும் உண்டு. இலங்கையில் கரைவலை இழுக்கும் இடத்தையும் 'பாடு' என்றே சொல்கிறார்கள். நீர்க்கொழும்புக் களப்பில் கம்பு வலை கட்டும் உரிமை, நான்கு மீனவர் சங்கங்களுக்குள் சீட்டு மூலம் பகிரப்படுகிறது. அந்த ஊர் வழக்கத்தை 1958-ம் ஆண்டில் இலங்கை அரசு சட்ட விதியாகவே ஏற்றுக்கொண்டது. அதனால் அதற்குப் பலம் கூடியது. ஆனால், அங்கேயும் உரிமை குறிப்பிட்ட ஊர்களின் ஆண்களுக்கு மட்டும்தான். பொதுச் சொத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு, 2009-ம் ஆண்டில் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. விதியால் பாதிக்கப்படுபவர்களுக்கு, அந்த விதியை மாற்றுவதில் பங்கு இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முக்கியமான உண்மைகளில் ஒன்று.

பெரியவர் மாணவரான ஒரு நாள்!

'அனுபவம் உள்ளவர் சொல்ல வேண்டும், இளையவர் கேட்க வேண்டும்' என்பதுதான் ஊர் வழக்கம். ஆனால், சில நாட்களில் இது தலைகீழாக வேண்டும்.

2004 டிசம்பர் 26. புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்ற மீனவ கிராமம். அந்த ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் ஊருக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்த அறிவு மையத்தில், தினமும் அலை உயரம் அறிவிக்கும் ஒலிபெருக்கி இருந்தது. ஊர்க்காரர்கள் பூட்டை உடைத்து உள்ளே போய், அதிலேயே அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மேட்டுக்கு ஓடி உயிர் பிழைத்தார்கள்.

வாழ்நாள் முழுவதும் கடல் பார்த்த பெரியவர்களுக்கும் சுனாமி என்ற சொல் புதுசு. ஆனாலும், ஒரு பையனின் போனை நம்பி நகர்ந்தார்கள். தினமும் அந்த ஒலிபெருக்கியைக் கேட்டுப் பழகியிருந்ததால்தான் அந்த நம்பிக்கை வந்தது. ஆபத்து வரும் நாளில் புதிதாக நம்பிக்கையை உண்டாக்க முடியாது. சாதாரண நாட்களில் சேர்த்துவைத்தால்தான் அன்று செலவழிக்கலாம்.

கைத்தொழிலுக்குக் கிடைத்த மரியாதை

வேறு பண்பாட்டைச் சேர்ந்தவர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது? இதற்கும் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, பாம்புத் தோல் வியாபாரம் நின்று, இருளர்களின் பிழைப்பு பறிபோனது. பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியில், 1978-ம் ஆண்டில் இருளர் பாம்புபிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் இந்தச் சங்கம், பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறது. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. வயல் வரப்பில் நடக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் இந்தச் சங்கத்தின் மீது கடன் உண்டு.

இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். முதல் இரண்டு வாரங்களிலேயே 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ம் ஆண்டில் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அங்கே யாரும் இவர்களை 'முன்னேற்ற' முயலவில்லை. இவர்களிடம் இருந்த அறிவைக் கேட்டு, அதற்குக் கூலியும் மரியாதையும் கொடுத்தார்கள். பழவேற்காட்டு இருளப் பெண்களின் விரல்களுக்கும், எந்தச் சேற்றில் இறால் பதுங்கும் என்பது தெரியும். ஏரியைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர்களுக்கும் இடம் வேண்டும்.

உங்கள் குழுவில் என்ன செய்யலாம்?

1. சீட்டும் சுழற்சியும்: டிராக்டர், களையெடுக்கும் கருவி, உலர்களம் என்று போட்டி வரும் எல்லாவற்றுக்கும் எல்லோர் கண்முன்னே சீட்டு குலுக்குங்கள். அடுத்த முறை, கடைசியில் வந்தவருக்கு முன்னுரிமை கொடுங்கள்.

2. பதவிக்குக் கெடு: தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு இத்தனை ஆண்டு என்று துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள். ஒரே நேரத்தில் எல்லோரையும் மாற்றாமல், ஆண்டுக்குச் சிலரை மட்டும் மாற்றினால் அனுபவம் அறுந்துபோகாது.

3. ஜோடிப் பொறுப்பு: கணக்கு, கொள்முதல், வங்கி வேலை என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு மூத்தவர், ஓர் இளையவர். ஓராண்டு கழித்து, இளையவர் முன்னால் நிற்கட்டும். மூத்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

4. இயக்குநர் இடம்: உற்பத்தியாளர் நிறுவனத்தில் 5 முதல் 15 இயக்குநர்கள் வரை இருக்கலாம். அதில் இளைஞர், பெண், நிலமில்லாதவர் அல்லது குத்தகைதாரர் ஆகியோர் வரும்படி உங்களுக்குள் ஒரு வழக்கத்தை வையுங்கள்.

5. கூட்டம் நடக்கும் இடம்: எல்லாத் தெருக்காரர்களும் கூச்சமில்லாமல் வரக்கூடிய பொது இடத்தில் நடத்துங்கள். பள்ளிக்கூடம் நல்லது, தலைவர் வீட்டுத் திண்ணை வேண்டாம். பெண்கள் வேலை முடித்து வரக்கூடிய நேரமாகவும் இருக்கட்டும்.

6. பேசும் வரிசை: கூட்டத்தில் இளையவரை முதலில் பேசச் சொல்லுங்கள். பெரியவர் முதலில் முடிவைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வாசகர் கேள்விகள்

'எங்கள் சங்கத் தலைவர் நல்லவர், நேர்மையானவர். 15 வருஷமாக அவர்தான். அவரை எப்படி மாறச் சொல்வது?'

மாறச் சொல்ல வேண்டாம், மேலே ஏற்றுங்கள். 'ஆலோசகர்' என்று ஒரு இடம் கொடுத்து, புதிய ஆட்களைப் பழக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். நேர்மையான தலைவருக்குத் தன் காலத்துக்குப் பிறகும் சங்கம் நடக்க வேண்டும் என்ற கவலை இருக்கும். அந்தக் கவலையைத் தொட்டுப் பேசினால் அவரே வழிவிடுவார்.

'படித்த பிள்ளைகள் கூட்டத்துக்கு வந்தால் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வது?'

அந்தப் போனுக்கே வேலை கொடுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலை, வானிலை அறிவிப்பு, மானிய விண்ணப்பம் ஆகியவற்றை வாரந்தோறும் கூட்டத்தில் வாசிக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். சொன்ன தகவலால் நாலு பேருக்கு லாபம் வந்தால், அடுத்த வாரம் கூப்பிடாமலேயே வருவார்கள்.

'வேறு சமூகத்தவரைச் சேர்த்தால் சங்கம் உடைந்துவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். சரியா?'

பயம் புரிகிறது. ஆனால், சேர்க்காமல் விட்டதால் விதியே மதிப்பிழந்ததைத்தான் பழவேற்காடு காட்டுகிறது. முதலில் ஒரு பொது வேலையில் தொடங்குங்கள்: வரத்துக் கால்வாய் தூர்வாருதல், மதகு பழுது பார்த்தல், கூட்டாக விதை வாங்குதல். செலவும் பலனும் சமமாக இருக்கட்டும். ஒரு பருவம் சேர்ந்து மண் சுமந்தவர்கள், அடுத்த பருவத்தில் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.